பேய்க்கு மூச்சு

என் இழுப்புச் சத்தம் சினிமாப் பேய்க்குப் பொருந்துகிறதென்று ஒலிப்பதிவு அறையில் மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். "பேய் எதுக்குய்யா மூச்சு விடுது?" என்றேன்.

"விடுறதுல பயமில்ல பெரியவரே. நிறுத்துறீங்க பாருங்க, அதுலதான் படம் பாக்குறவன் செத்தான்," என்றான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த ஜெரால்டு. அவன் தூக்கும் கை இறங்கும்வரை மூச்சை அடக்க வேண்டுமாம்.

"என் நெஞ்சு தாங்காதுடா."

சிரித்தான். இவனுங்களை நம்பவே கூடாது.

கை மேலே போனது. அடக்கினேன். நெஞ்சு முட்டியது, கண் இருட்டியது, கை இறங்கவில்லை. போடா என்று மூச்சை விட்டுவிட்டேன். அதுவரை ஹெட்போனில் கேட்ட என் மூச்சு இப்போது கேட்கவில்லை. பெரிதாக இழுத்து விட்டுப் பார்த்தேன், நெஞ்சு ஏறி இறங்கவில்லை. ஜெரால்டின் குரல்தான் வந்தது: "அருமை பெரியவரே. அப்படியே அடக்குங்க, இன்னும் கொஞ்சம்."