அஞ்சு மணிச் சங்கு

“நான் போறேன்.”

ஆறு வயசு ரத்னாவின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, ஆயா சரசம்மா குழந்தைகள் விடுதியின் கேட்டைத் திறந்தாள். வாரத்தில் ஒரு பகல் அவளுக்கு லீவு.

நன்கொடையாக ராகி மூட்டை இறக்க வந்த மண்டிக்காரர் கோவிந்தப்பனுக்குச் சுருக்கென்றது.

“ஏம்மா, இதென்ன எழவு வீடா? ‘போயிட்டு வரேன்’னு சொன்னா வாய் வெந்துடுமா?”

“அண்ணா, அந்த வார்த்தை வேணாம்…”

“என்ன வேணாம்? வார்டன்கிட்டச் சொல்லி இன்னிக்கே உன் சீட்டைக் கிழிக்கிறேன். சொல்லு, ‘போயிட்டு வரேன்’னு!”

ரத்னாவின் கையிலிருந்த சிலேட்டு விழுந்தது. அவள் அழவில்லை. சரசம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். பாவாடை நனைந்து மண்ணில் சொட்டியது.

“ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல.” சரசம்மா அந்த ஈரத்தோடேயே அவளை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவள் பிடிக்கவேண்டிய சூளகிரி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழந்தைக்குப் புரியாமலிருக்கத் தெலுங்கில் சொன்னாள். இவளை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்து, அதே வார்த்தையைச் சொல்லித்தான் பன்னு வாங்கப் போனாளாம் பெற்றவள். ரெண்டு வருஷமாச்சு. வரவில்லை.

கோவிந்தப்பன் குனிந்து, விழுந்த சிலேட்டை எடுத்துத் துடைத்தார்.

வேறு பாவாடை மாற்றிவிட்டு, சரசம்மா மறுபடி சொன்னாள்: “கண்ணு, நான் போறேன். அஞ்சு மணிக்கு ஃபேக்டரி சங்கு ஊதறப்ப எங்கே நிப்பேன்?”

“கேட்டுல.”

பிடித்திருந்த கையைக் குழந்தையே விட்டது.

‘பார்க்கலாம், வர்றாளான்னு.’ நாலே முக்காலுக்கே கோவிந்தப்பன் விடுதிக்குத் திரும்ப வந்துவிட்டார்.

சங்கு ஊதியது. கேட்டில் தலையெல்லாம் செம்மண்ணோடு, மூச்சிரைக்க சரசம்மா.

“பஸ்ஸு நடுவழியில நின்னுபோச்சுண்ணா. செங்கல் லாரியில தொத்திக்கிட்டு வந்தேன்.”

ரத்னா நிமிர்ந்து பார்த்தாள். ஓடிவரவில்லை. மறுபடி சிலேட்டில் எழுத ஆரம்பித்தாள். வருவாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கோயிலில் நிற்பதுபோல் நின்றிருந்தார் கோவிந்தப்பன். துண்டு எப்போது தோளிலிருந்து கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் சந்தையில், பாரூர் விவசாயி மாதப்பனின் நெல்லுக்கு விலை படியவில்லை. “சரி, போயிட்டு வரேன்” என்று கோவிந்தப்பன் நகர்ந்தார். பத்தடி போனவர் நின்றார். திரும்பி வந்தார்.

மாதப்பன் வாயைப் பிளந்தான்.

“என்னங்க இது! பதினஞ்சு வருஷமா ‘போயிட்டு வரேன்’னுதான் சொல்றீங்க. இன்னிக்குத்தான் வந்திருக்கீங்க!”