மனைவியருக்குப் பட்டுப்புடவை

முன்னாள் ராணுவ வீரர் சங்கத்தில் பெயர் சேர்க்க வேண்டும் என்று அந்தப் பெண் வந்து நின்றபோது, செயலாளர் முனிரத்தினம் ஆண்டு விழா வேலையில் மூழ்கியிருந்தார்.

"உக்காரும்மா. வீட்டுக்காரர் பேரு?"

"தனசேகரன்."

"இப்ப இன்னா பண்ணிகினு இருக்காரு?"

"இதே ஆரணியில பட்டு நெய்துகினு இருக்காருங்க."

"ரிட்டையர் ஆகி வந்து தறியா? பலே!"

"இல்லீங்க, சின்ன வயசுலேர்ந்தே தறிதான்."

முனிரத்தினத்துக்குத் தலை சுற்றியது. "அப்ப பட்டாளத்துக்கு எப்பப் போனாரு?"

"அவரா? தீபாவளி வெடிக்கே கதவைச் சாத்திக்குவாரு."

"இன்னாம்மா பேஜார் பண்றே? கார்கில் சண்டையப்ப எங்க இருந்தாரு?"

"வீட்லதாங்க, கொழந்தைக்கு சோறு ஊட்டிகினு. நான்தான் ஸ்ரீநகர்ல இருந்தேன்."

"நீ எதுக்கும்மா அங்க போனே?"

"ராணுவ ஆஸ்பத்திரியில நர்சிங் ஆபீசர். கேப்டன் ஹேமலதா. போன மாசம்தான் சர்வீஸ் முடிஞ்சு வந்தேன்."

ஹவில்தாராக ஓய்வு பெற்ற முனிரத்தினம் நாற்காலி பின்னால் சாய எழுந்து, விறைத்து நின்று சல்யூட் அடித்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். விழாவுக்குக் குடும்பத்தோட கண்டிப்பா வரணும்."

"வர்றோம். ஒரே ஒரு சந்தேகம்" என்று ஹேமலதா, சுவரில் கட்டியிருந்த விழா பேனரைக் காட்டினார்.

‘வீரர்களுக்குப் பொன்னாடை, அவர்தம் மனைவியருக்குப் பட்டுப்புடவை.’

"பொன்னாடை எனக்கு, சரி. புடவையை எங்க வீட்டுக்காரரா கட்டிக்குவாரு?"