லகரப் பிழை

கிரேன் டிரைவரும் அவர் மனைவியும் மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தார்கள். திருடனைப் பிடித்து வரும் போலீஸ் மாதிரி, மனைவி அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்ததும் பச்சையக்கா அவசரமாக எழுந்து நின்றாள். டாட்டூ கடை வைத்திருப்பதால் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் பச்சையக்கா. வருகிற அம்மாள் தமிழ் டீச்சர்.

நேற்று மத்தியானம் வரை அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள். பச்சை குத்த வந்த ஒரு காலேஜ் பெண், சுவரில் மாட்டியிருந்த கிரேன் டிரைவரின் கை போட்டோவைப் பார்த்துக் குபீரென்று சிரித்துவிட்டாள்.

"என்னக்கா இது, 'நீயே என் வலி'யா? யாருக்கா அந்தப் புண்ணியவதி?"

வழி இருக்க வேண்டிய இடத்தில் வலி! "நீதான் எனக்குப் பாதைன்னு அர்த்தம், தங்கச்சி" என்று அவரே அன்றைக்குப் பெருமையாக விளக்கியிருந்தார். ஒரு மாதமாகச் சுவரில் தொங்கியும் பச்சையக்காவின் கண்ணில் அது படவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கும் ழகரத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பதறிப்போய் ஃபைலைப் புரட்டினாள். அவள் கடையில் ஒரு சட்டம் உண்டு. என்ன வாசகம் வேண்டுமோ அதைத் தாளில் எழுதிக் கொண்டுவந்து, கீழே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவள் அதை வளைவு மாறாமல் அப்படியே தோலுக்கு மாற்றுவாள். கோட்டைத்தான் பார்ப்பாள், பொருளைப் பார்க்க மாட்டாள்.

தாளிலும் வலிதான் இருந்தது. சிவப்பு மையில், அச்சடித்தது போல, குண்டு குண்டாக மூன்று சொல். அதற்குக் கீழே கோழி கிளறியது போல நீலத்தில் ஒரு கையெழுத்து.

சட்டப்படி தப்பு அவள் மேல் இல்லை. அதற்காக, வந்தவரிடம் சட்டம் பேசியா கடை நடத்த முடியும்? விளம்பரப் பலகைகூட இல்லாத கடை அது. மூன்றாம் நாள் ஒரு போன், பத்தாம் நாள் ஒரு போன், "ஆறிடுச்சாண்ணே? சொறியாம இருக்கீங்கல்ல?" என்று ஒரு விசாரிப்பு, ஒரு மாதம் கழித்து நேரில் ஒரு பார்வை. அந்த அக்கறையைப் பார்த்துத்தான் ஒரு கை இன்னொரு கையை அனுப்பிவைக்கும். கிரேன் டிரைவரோ, தன் கூட வேலை பார்க்கும் பதினாலு பேரைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தார். இந்த ஒரு கை கோபித்துக்கொண்டால் பதினாலு கையும் போச்சு. எழுத்துப் பிழைக் கடை என்ற பெயர்தான் மிஞ்சும்.

கதவு திறந்தது.

"தங்கச்சி, கடையைப் பாத்தே ஆகணும்னு வீட்டம்மா ஒரே பிடி!" கிரேன் டிரைவர் நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டினார். "கல்யாணமாகிப் பதினேழு வருஷத்துல நான் செஞ்ச எதையும் இவ இப்படிப் பாத்ததில்ல. தெனமும் கையைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறா."

"எழுத்து சுத்தமா வந்திருக்கு" என்றார் டீச்சர். முகத்தில் ஒன்றையும் காணோம்.

பரீட்சைத் தாளைத் திருப்பித் தருகிற குரல் அது. டீச்சர் மேற்கொண்டு வாயைத் திறப்பதற்குள் பச்சையக்கா, ராத்திரியெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த வைத்தியத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். சின்ன ஸ்டென்சில் தாள். அதில் ஒரே ஒரு எழுத்து.

"அண்ணே, கடைசியில இந்த 'மை'யைச் சேத்துட்டா இன்னும் எடுப்பா இருக்கும். காசு வேணாம், என் ஆசைக்குப் போடறேன்."

கிரேன் டிரைவர் எழுத்துக்கூட்டிப் பார்த்தார். "நீயே… என்… வலிமை! அடடா! கிரேன் ஓட்டறவனுக்குப் பொருத்தமால்ல இருக்கு? இத நீ அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா தங்கச்சி? போடு, போடு!"

"முதல்ல போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்கண்ணே."

அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். குழாய்ச் சத்தம் கேட்டதும் பச்சையக்கா டீச்சரிடம் ஏறக்குறைய கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். நீங்க பாத்திருப்பீங்கன்னு தெரியும். அண்ணன் ஏதோ அவசரத்துல எழுதிட்டாரு, நானாவது கவனிச்சிருக்கணும். இந்த ஒரு எழுத்து விழுந்துட்டா பிழை இருந்த தடமே தெரியாது. பெரிய மனசு பண்ணி அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

டீச்சர் மேஜையில் திறந்து கிடந்த ஃபைலிலிருந்து சிவப்பு மைத் தாளை எடுத்தார். மடங்கியிருந்த ஓரத்தை விரலால் நீவி, ஒரு முறை படித்துப் பார்த்து, ஃபைலில் வைத்து மூடினார். உள்ளே பாட்டு நின்றபாடில்லை.

"அந்த மை வேணாம்மா" என்றார் மெதுவாக. "பதினேழு வருஷம் யோசிச்சு, சரியாத்தான் எழுதிக் குடுத்தேன்."