தடி எழுத்து

இந்த எழுத்துகளை இவ்வளவு தடியாக வெட்டியிருக்க வேண்டாம் என்று சந்திரம்மா நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் மெலிந்திருந்தால், ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவன் கண்ணில் படாமல் போகும். ஓர் உயிர் பிழைத்துப் போகும்.

அச்சாபீஸின் கட்டை எழுத்துகளை அவள்தான் வரைந்து மரத்தில் வெட்டினாள். தச்சர் வீட்டுப் பெண். சுழி வரும் இடமெல்லாம் கவராயம் போட்டு முழு வட்டம், மற்றதெல்லாம் அளவுகோலில் இழுத்த நேர்கோடு. வாலும் இல்லை, நெளிவும் இல்லை. 'ப' என்றால் தலைகீழாக நிறுத்திய வாசக்கால்தான்.

செங்கல்பட்டில் அதற்குத் தடி எழுத்து என்று பெயர் விழுந்துவிட்டது. டூரிங் டாக்கீஸுக்கு அதுதான், நெல் மில்லுக்கு அதுதான். நகரசபைத் தேர்தலில் எதிரும் புதிருமாய் நின்ற இரண்டு பேருக்கும் அதுதான். ஆந்திரா பிரிந்த இந்த வருஷம், முதல் தடவையாகப் போலீஸும் அதைக் கேட்டு வந்திருந்தது.

ஏட்டு ராஜேந்திரன் முக்காலியில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். "இந்த எழுத்துல என் பேரை அடிச்சு ஒட்டினா, எனக்கே என்னைப் பாத்து பயம் வந்துடும் போல கீதே!"

முதலாளி வாசுதேவன் சிரித்தார். கழுத்து வெறுமையாக வேலை கேட்டு வந்தவளிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்காத நல்ல மனிதர். "அப்படி இன்னா பண்ணான் சார், இந்தக் கன்னியப்பன்?"

"கேளம்பாக்கம் உப்பளத்துல மேஸ்திரியை மம்முட்டியால போட்டுட்டு ஓடிட்டான். ரெண்டு வருஷமா தண்ணி காட்டிகினு கீறான். ஆப்ட்டா தூக்குதான்." ஏட்டு ஏப்பம் விட்டார். "அவனுக்குப் பொண்டாட்டி ஒருத்தி கீறாளாம். அவ ஒருத்தி கெடைச்சா போதும், ஸ்டேஷன்ல குந்த வெச்சா இவன் தானா வந்து நிப்பான். ஆனா அவ பேரு இன்னா, ஊரு இன்னான்னு கேட்டா, உப்பளத்துல ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டேன்றான்."

"அதுவும் ஓடிடுச்சா?"

"எங்கனா உப்பு சொமந்துகினு இருப்பா. கைநாட்டாத்தான் இருக்கும், வேற இன்னா?" ஏட்டு சந்திரம்மா பக்கம் திரும்பினார். "நீ படூர் பக்கம்தானேம்மா? இவனை எங்கனா பாத்துக்கிறியா?"

"இல்லீங்க ஏட்டையா." அவள் தலை நிமிரவில்லை. எழுத்துக் கட்டைகளை நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "முதலாளி, பேரை மட்டும் சின்ன எழுத்துல போட்டுக்கலாமா? தாள்ல இடம் நெருக்குது."

"பேருதானே பெருசா தெரியணும்? மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்டுல ஒட்டப் போறாங்க. மத்ததைச் சின்னது பண்ணு."

யாரைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று எழுத்துக்குத் தெரியாது. வரைந்த கைக்குத் தெரிந்து தொலைக்கிறதே என்று நினைத்தபடி அவள் மையைத் தடவினாள். முதல் தாளை விரித்து அழுத்தி எடுத்தாள்.

அந்த அச்சாபீஸில் ஒரு வழக்கம். எழுத்துக் கோத்தவர் முதல் தாளை வாய்விட்டுப் படிக்க வேண்டும். வேலை கொடுத்தவர் தன் கையில் இருப்பதோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மிஷின் ஓடும்.

"தேடப்படும் கொலையாளி," என்று சந்திரம்மா படித்தாள். குரல் நிதானமாக இருந்தது. "அடுத்தது பேரு, சரியா கீது. வயது முப்பத்திரண்டு. வலது புருவத்தில் தழும்பு. துப்புக் கொடுப்பவருக்குத் தகுந்த சன்மானம்."

ஏட்டின் விரல் தன் கையிலிருந்த தாளில் அந்தப் பேரின் மேலேயே நின்றிருந்தது. "பேரை விட்டுட்டியே."

"நீங்களே பாத்துக்குங்க ஏட்டையா. அம்மாம் பெருசா கீது."

"பேரு தப்பாப் போச்சுன்னா என் தலைதான் உருளும். வாயைத் தொறந்து படிம்மா."

"படிச்சிடு சந்திரம்மா," என்றார் வாசுதேவன். "மிஷின் காத்துகினு கீது. ஒரு பேரு, அவ்வளவுதானே!"

அவ்வளவுதான். சொல்லிவிட்டால் ஏட்டு எழுந்து போய்விடுவார். நாளைக்கும் அவள் இதே பலகைக்கு முன்னால் நிற்கலாம், யாருக்கும் தெரியாதவளாக.

அவள் தாளைப் பார்த்தாள். பலகையில் தலைகீழாகக் கோத்திருந்தபோது திறந்த வாசலாக நின்ற இரண்டு 'ப'வும் தாளில் நிமிர்ந்து, வெட்டி வைத்த குழிகளாகத் தெரிந்தன. மை இன்னும் காயவில்லை.

ஏட்டு சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். "இன்னாம்மா?"

சந்திரம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஏட்டு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணாங்க ஏட்டையா. நான் சொன்னா அவருக்கு ஆயுசு கொறைஞ்சிடும்."