வலதுகால் செருப்பு சொன்னது

சர்க்கரை பார்க்கிற மிஷின் 312 என்று காட்டியது.

"மிஷின் கோளாறு" என்று தெய்வநாயகம் அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, "அல்லி, உன் விரலைக் கொஞ்சம் நீட்டு" என்றார். அவளுக்குச் சர்க்கரை கிடையாது. 104 வந்தது.

"பாத்தியா, இப்ப ஒழுங்கா காட்டுது!"

டாக்டரிடம் காட்டும் நோட்டில் தன் பெயருக்குக் கீழே 104 என்று எழுதினார். மிஷினைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வீசிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மிஷினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ ரத்தம், இவர் பேரா? உள்ளதைச் சொன்னா நான் கோளாறு! ஒன்பது நாளா இதே கூத்து. இந்த ஆளுக்கு இன்னும் எப்படித்தான் சொல்றது?"

கீழே கிடந்த வலதுகால் செருப்பு சீறியது. "போதும் நிறுத்து. நீ வெறும் நம்பரைத்தானே காட்டின?"

"வேற எதைக் காட்டணும்?"

"என்னைக் குனிஞ்சு பாரு."

மிஷின் பார்த்தது. செருப்பின் அடியில் ஏறிய ஓர் ஆணி, குதிகால் படும் இடத்தில் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"முந்தாநாள் ரோட்டுல ஏறுச்சு. அப்ப இருந்து அவர் வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் நான் குத்திக் குத்திச் சொல்றேன்" என்றது செருப்பு. "அந்த மனுஷன் இன்னும் ஒரு தடவைகூட 'ஆ'ன்னு சொல்லல."