எட்டாயிரத்து ஒன்று, இரண்டு, மூன்று

"எம்மா, நீ அங்கேருந்து எழும்பு. அஜிலாகிட்ட போனைக் குடு—"

"நான் எதுக்குடே எழும்பணும்—"

"இது டைப் அடிக்கிற வேலையில்ல, ரவுட்டருக்கு உள்ள போயி—"

"போயாச்சு. உள்ள இருந்துட்டுதான் உங்கிட்ட பேசுகேன்."

கம்ப்யூட்டர் மேசைமேல் ஸ்பீக்கரில் கிடந்த செல்போனில், சவுதியின் தம்மாமிலிருந்து மகன் ஜெப்சன்.

ராஜபாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டே கால்.

"அவ எங்க?"

"குளிக்கா."

"இந்நேரத்துலயா?"

"ஏன், அதுக்கும் ஒரு கேமரா வைக்கணுமா?"

போன வாரம்தான் நாகர்கோவிலிலிருந்து ஆள் வந்து மூன்று கேமரா மாட்டிவிட்டுப் போனான். ஹாலில் கம்ப்யூட்டருக்கு மேலே ஒன்று, அடுக்களையில் ஒன்று, கேட்டில் ஒன்று. வீட்டுக்குள் இருந்து பார்த்தால் மூன்றின் படமும் பளிச்சென்று தெரிந்தது. வெளிநாட்டில் தெரிய வேண்டுமானால் ரவுட்டரில் போர்ட் திறந்துவிட வேண்டும், அதை உங்கள் மகனே போனில் சொல்லித்தருவார் என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

திருட்டுப் பயம் என்றான் ஜெப்சன்.

'அடுக்களையில என்னடே களவு போவும், புட்டுக்குடமா?' என்று ராஜபாய் கேட்டதற்குச் சிரித்தானே தவிர, பதில் சொல்லவில்லை.

பதில் அவளுக்குத் தெரியும். அஜிலாவுக்கு மார்த்தாண்டத்தில் ஒரு லேபில் வேலை கிடைத்தது இந்த மாதம் இரண்டாம் தேதி. என் பெண்டாட்டி பஸ் ஏறிப் போய் ஊரானுக்கு ரத்தம் எடுக்க வேண்டாம் என்று ஜெப்சன் போனில் கத்தியதும் அதே இரண்டாம் தேதி. கேமராவுக்குச் சொல்லிவிட்டது மூன்றாம் தேதி.

"செரி, கேளு. எனக்கு கம்பெனி பஸ் வந்துரும். போர்ட் ஃபார்வேர்டிங்னு ஒண்ணு இருக்கும் பாரு."

"அதுலதான் நிக்கேன்."

"வெளிய இருந்து நான் எட்டாயிரத்து ஒண்ணுன்னு கூப்பிட்டா, அது உள்ள எந்த கேமராவுக்குப் போவணும்னு நாம சொல்லிக் குடுக்கணும். மனசிலாச்சா?"

"ஏலே, நீ இத எனக்கா சொல்லித்தாற?"

தக்கலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்தவள் ராஜபாய். வெளியூரிலிருந்து ட்ரங்க் கால் வரும். எந்த நம்பர் என்று கேட்டு, இணைப்புக் கயிற்றை இழுத்து, பலகையில் அந்த நம்பருக்குரிய துளையில் சொருகிவிட வேண்டும். சொருகியதும் தன் காதை எடுத்துவிட வேண்டும். அந்த இரண்டாவது வேலைதான் பலருக்கும் வராது. கூட இருந்தவர்கள் பேச்சு கேட்கும் சாவியை லேசாகச் சாய்த்துவைத்துக்கொண்டு பாதித் தாலுகாவின் குடும்பக் கதையைக் கேட்டார்கள், பிறகு டீ குடிக்கும்போது சொல்லிச் சிரித்தார்கள். ராஜபாய் ஒரு நாளும் கேட்டதில்லை.

"எட்டாயிரத்து ஒண்ணு, உள்ள பதினொண்ணு. ஹால்."

"ஹால்." அடித்தாள்.

அடுக்களையில் டிபன் பாத்திரத்தின் மூடி அழுந்தும் சத்தம் கேட்டது.

"எட்டாயிரத்து ரெண்டு, உள்ள பன்னெண்டு. அடுக்களை."

"ம்." அடித்தாள்.

அஜிலா கதவருகே வந்து நின்றாள். தோளில் பை, கையில் செருப்பு. ஈரம் காயாத தலையை அவசரமாகப் பின்னியிருந்தாள். கண்ணைப் போனுக்கும் மாமிக்குமாக ஓட்டினாள். ராஜபாய் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே இடது கையை மட்டும் வாசல் பக்கமாக வீசினாள்.

போ.

"எட்டாயிரத்து மூணு, உள்ள பதிமூணு. அது கேட்டு. போட்டியா?"

"பொறுடே, அடிக்கட்டும்."

கேட்டின் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

"என்ன சத்தம்?"

"மீன்காரி."

"என்ன மீனு?"

"நெத்தோலி. இஞ்ச வாங்கிப் பொரிச்சா அங்க மணக்கவா போவுது? அடுத்து என்னன்னு சொல்லு."

"சேவ் குடு."

கொடுத்தாள். ரவுட்டரில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, மறுபடி ஒவ்வொன்றாக எரிந்தன. அவன் கேட்ட ஐ.பி. எண்ணைத் திரையில் தேடி, அதன் நான்கு பகுதியையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள், அந்தக் காலத்தில் வாசித்த அதே குரலில்.

எட்டு நாற்பது. ரோட்டுமுக்கில் பஸ் ஹாரன் அடித்து நின்றது, பிறகு கிளம்பியது.

"வருதும்மா! ஒண்ணாவது வந்துட்டு. உன் தலை தெரியுது."

"நரை தெரியுதா?"

"நல்லா தெரியுது. இரு, ரெண்டாவது... இதுலயும் நீதான் இருக்க. அடுக்களை எங்க?" ஜெப்சன் எதையோ தட்டும் சத்தம். "மூணாவதும் நீதான். எம்மா, மூணு எடத்துலயும் பதினொண்ணு போட்டிருக்க. மூணு கேமரா வாங்கிக் குடுத்து நான் உன் உச்சந்தலையையா பாத்துட்டு இருக்கணும்? ராங் நம்பர் போட்டுட்ட. மாத்திப் போடு. இல்லன்னா அஜிலாவ விளி."

ராஜபாய் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு முதல்முறையாக அண்ணாந்து கேமராவைப் பார்த்தாள். தம்மாமில் மூன்று கட்டங்களிலும் ஒரே முகம் நிமிர்ந்தது.

"முப்பத்தொரு வருசத்துல ஒருத்தனுக்கும் நான் ராங் நம்பர் குடுத்தது கெடையாது, மக்கா."