ஐந்தரை மணி சூப்

குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் எபினேசர் அடுப்பை அணைத்துவிட்டு, போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்தான்.

மணி ஐந்து இருபது. இன்னும் பத்து நிமிடம்.

குக்கருக்குள் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, அரை சௌசௌ, ஒரு கேரட், நாலு பல் பூண்டு. காலையில் ஊறப்போட்ட வேர்க்கடலை தோல் உரித்துக் கிண்ணத்தில் இருந்தது. கடலையையும் சேர்த்து அரைத்தால்தான் சூப் வழவழவென்று வரும், உடம்பிலும் சத்து ஒட்டும் என்பது சுகிர்தா சொன்னது.

சுகிர்தா அவன் மனைவி. ஈஸ்டர் முடிந்த வாரம் அத்திப்பட்டிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை.

பதினோரு வருடக் குடித்தனத்தில் அவன் அவள்மேல் கை ஓங்கியதில்லை. மில்லில் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வான்.

வாயே போதுமானதாக இருந்தது.

இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அவள் ஒரு வார்த்தை தொடங்கினால் இவன் பத்து வார்த்தை போட்டு அதை அமுக்குவான். கும்மிடிப்பூண்டியில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில் நாலு கதவு தள்ளியும் கேட்கும். ஒரு நாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள். பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். அப்போதும் அவன் வாசலில் நின்று கத்திக்கொண்டுதான் இருந்தான்.

மூன்று மாதம் ஒரு போன் இல்லை.

அதற்கப்புறம்தான் கிரேன் கொக்கி ஆடி வந்து அவன் தாடையில் அடித்தது. எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. டாக்டர் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டினார். ஆறு வாரத்துக்குத் தண்ணீர் ஆகாரம்தான், வாயைத் திறக்கவே கூடாது என்றார்.

கூட வேலை பார்க்கும் சின்னதுரை அவளுக்குத் தகவல் சொன்னான். அவள் வரவில்லை. ஆனால் மறுநாள் ஐந்தரைக்குப் போன் அடித்தது.

எடுத்துக் காதில் வைத்தான். அவனால் பேச முடியாது. வீட்டில் பாசிப்பருப்பு இருக்கிறதா என்று அவள் கேட்டாள்.

"ம்" என்றான்.

அப்படித்தான் தொடங்கியது. ஒரு 'ம்' என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை.

அனல்மின் நிலையத்தில் துப்புரவு வேலை முடித்து அவள் வீட்டுக்கு நடக்கிற நேரம் அது. முதல் சில நாள் சூப்பைப் பற்றி மட்டும் பேசினாள். அடுப்பை அணைத்துவிட்டுப் பாலை ஊற்று, கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். மிளகைப் பொடியாக இடி. டீ வடிகட்டியில் வடிகட்டு, இல்லாவிட்டால் திப்பி கம்பியில் மாட்டிக்கொள்ளும்.

பிறகு மற்றதும் வந்தது. துவைத்துக் காயப்போட்ட புடவையில் சாம்பல் படிவது. தனக்குக் கத்திரிக்காய் எப்போதுமே பிடித்ததில்லை என்பது. எட்டு வருடத்துக்கு முன்னால் பிள்ளை கலைந்தபோது தான் அழவேயில்லை என்று ஒரு நாள் சொன்னாள். நீ நர்ஸைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாய், நான் எப்போது அழுவது என்றாள்.

அன்றைக்குச் சூப் அடிப்பிடித்தது.

அரை மணி நேரம் அவள் பேச்சு. மீதி நாளெல்லாம் வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது. ஒற்றை அறை இவ்வளவு பெரிது என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

சாப்பிட்டாயா என்று கேட்டாள். இரண்டு 'ம்'. கடலை ஊறியதா என்றாள். ஒரு 'ம்'. மிக்சி ஓடி முடியும்வரை பேசாமல் காத்திருந்தாள். அவன் விழுதைப் பாத்திரத்தில் ஊற்றி ஒரு கொதி விட்டு இறக்கினான். பால் சேர்த்தான், மிளகு தூவினான். ஆணியிலிருந்து வடிகட்டியை எடுத்தபோது அது தம்ளரில் இடித்தது.

"இன்னிக்கி வடிகட்டாதய்யா" என்றாள்.

அவன் கை நின்றது.

"திங்கக்கெழமையே கம்பிய எடுத்துட்டாங்களாமே. சின்னதுர அண்ணன் சொல்லிச்சு."

அன்று வியாழக்கிழமை.

திங்கள் காலை டாக்டர் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, குழைந்த சோறு சாப்பிடலாம், மெதுவாகப் பேசலாம் என்று சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் போன் வந்தபோது அவள் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் ஏதோ சொல்லத் தொடங்கிவிட்டாள். 'ம்' என்றான். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே.

இப்போது வாயைத் திறந்தான். ஆறு வாரமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் இருந்தன.

"பேசாத" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "ஊட்டுக்கு வந்துருவேன்னு நெனச்சிக்காத. நாளைக்கும் இப்டியே கேட்டுக்கினு இரு. அது போதும்."

வெளியே தண்டவாளத்தில் சென்னை வண்டி போனது.

"ம்" என்றான்.

அவள் நடந்துகொண்டே, தன்னோடு வேலை செய்யும் கிரேஸின் மகளுக்கு வரன் வந்த கதையைத் தொடங்கினாள். எபினேசர் சுவரோரம் உட்கார்ந்து தம்ளரை வாயில் வைத்தான்.

அரைபடாத கேரட் துண்டு ஒன்று பல்லில் பட்டது. அவள் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல், சத்தம் வராமல் மென்றான்.